காலுக்குக் கட்டிய வலை

யாரைப் பார்த்தாலும் நான் முதலில் காலைத்தான் பார்க்கிறேன் என்று நீங்களெல்லாம் கேலி செய்கிறீர்கள். முகம் பார்த்துப் பேசத் தெரியாதவள் என்று போன வாரம் மீன் துறையில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோட்டை நின்ற காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பழவேற்காட்டுக் கரையில் இனி நாம் சிலபேர்தான். இந்தக் கால் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும். இளசுகளிடம் சொல்ல ஆரம்பித்தால், கோட்டையா, எங்கே இருந்தது என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள்.

ஒல்லாந்தர் கொடி பறந்த கடைசிக் காலம் அது. அகழித் தண்ணீரின் நாற்றம், கிளிஞ்சல் சூளையின் புகை, சாயக்காரர்கள் கரையெல்லாம் விரித்துப் போட்ட துணிகளின் ஈரவாடை எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். கோட்டைக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டினாற்போல் எதையோ மாட்டிக்கொண்டு, அதன்மேல் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் டக்டக்கென்று நடப்பார்கள். அது நூலில் பின்னியது என்று நம் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. என் அம்மா சாகும்வரை, "அவங்களுக்குக் கீழ்க்காலு தோலே அப்பிடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது கழற்றக்கூடியது என்று எனக்குச் சொன்னவள் என் தோழி.

அவள் கோட்டை வாசல் காவல்காரரின் மகள். அவர் ஒல்லாந்துக்காரர். அவள் அம்மா நம் பக்கத்துப் பெண், அவளைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தோழிக்குத் தலைமுடி மட்டும் தேங்காய் நார் நிறம். மற்றபடி பேச்சு, சண்டை, வெறுங்கால் எல்லாம் நம்மைப் போலத்தான். அம்மா மீன் கூடையைக் கோட்டைச் சமையல்கட்டில் இறக்கிவைத்துப் பேரம் பேசி முடிப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் இறங்கி நண்டு வளைகளைக் கலக்கிவிட்டு வந்துவிடுவோம். இரண்டு பேருக்கும் முதுகில் அடி விழும். அவள் அடி வாங்கும்போது அழமாட்டாள். அதில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

அவள் அப்பா மஞ்சள் தாடிக்காரர். காவல் இல்லாத நேரத்தில் வாசலோரக் கல்லில் உட்கார்ந்து நாலு மெல்லிய இரும்புக் கம்பிகளில் கம்பளி நூலைக் கோத்துக் கோத்துக் காலுறை பின்னுவார். என் நைனா ஒருமுறை தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த வாசக்காரன் நம்ம ஆளு மே. குந்திகினு வலை கட்றான்" என்றார். கோட்டைக்குள் ஒருத்தனாவது உருப்படியான வேலை செய்கிறானே என்று அவருக்கு அவ்வளவு திருப்தி. நான் திருத்தவில்லை. என் நைனா ஒருவரைப் பாராட்டுவது அபூர்வம், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷத்து மழை முடியும்போது தாடிக்காரரின் கண்ணில் புகை படர்ந்துவிட்டது. எதிரில் வருகிறவர் யாரென்று தெரியாத காவல்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? தை பிறந்து காற்று திரும்பியதும் மகளோடு கப்பலேறி அவர் ஊருக்கே போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. அங்கே அவருக்கு ஒரு அக்கா இருந்தாளாம்.

தோழி இதை என்னிடம் சொன்னபோது நாங்கள் தண்ணீரில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"எங்கப்பா ஊர்ல தண்ணி கல்லாப் பூடுமாம்" என்றாள்.

"குடத்துத் தண்ணியா?"

"ஏரி, ஆறு, அல்லாம். மேல நடந்தே போலாமாம்."

"கால்ல குத்தாதா?"

அவள் யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. "அதுக்குத்தான் காலுறை. எங்கப்பா எனக்கு ஒண்ணு கட்றேன்னு பழசைப் பிரிச்சு வச்சிகினு கீறாரு. கம்பி கண்ணுக்குத் தெரியல. கட்றாரு, அவுந்து பூடுது, மறுபடி கட்றாரு."

மறுநாள் நானே பார்த்தேன். தாடிக்காரர் மடியில் கம்பளி நூலைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவிக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நூல் வழுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இவள் வெறுங்காலோடு அந்தக் கல்மேல் நடக்கப்போகிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் என் தலையில் ஓடவில்லை. நானே கட்டிக் கொடுத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

கம்பியில் பின்னும் வித்தை எனக்குத் தெரியாது. வலை தெரியும். தெரியும் என்று வெளியே சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நம் குப்பத்தில் நூல் நூற்பது பெண்கள் வேலை, வலை கட்டுவது ஆண்கள் வேலை என்பதும், பெண் பிள்ளை கை பட்ட வலையில் இறால் ஏறாது என்று சொல்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆனால் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு முடிச்சு எப்படித் தெரியாமல் போகும்? முனை உடைந்ததென்று அவர் எறிந்துவிட்ட ஒரு சின்ன மூங்கில் ஊசி என்னிடம் இருந்தது. அம்மா நூற்றதில் மிச்சம் விழும் நூலை முடிச்சுப் போட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

அளவு வேண்டுமே. காலை நீட்டு என்றால் எதற்கென்று கேட்பாள். ஈரச்சேற்றில் அவளை முன்னால் நடக்கவிட்டு, அவள் அடி பதிந்த இடத்தில் குனிந்து ஒரு கோரையை ஒடித்து அளந்துகொண்டேன். கட்டும்போது அதற்குமேல் கொஞ்சம் கூட்டித்தான் கட்டினேன். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

மார்கழிப் பனியில், தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டினேன். ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்த காலம். விரல் விறைத்துப் போகும், வாயில் வைத்து ஊதிக்கொள்வேன். கண்ணியைச் சுண்டுவிரல் நகம்கூட நுழையாத அளவுக்குப் பொடியாக வைத்தேன். பெரிய கண்ணி என்றால் அந்தக் கல்லெல்லாம் உள்ளே வந்துவிடுமே. குளிர் என்பது எந்தக் கண்ணி வழியாகவும் நுழையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குதிகாலுக்கு எப்படி வளைப்பதென்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வாய் வைத்து, வாயில் சுருக்குக் கயிறு ஓட்டி, நேராக இரண்டு பைகள். இரண்டாவது முடிந்த அன்று அவற்றைப் பழைய மீன் கூடைக்குள் போட்டுக் கூரைக்கடியில் தொங்கவிட்டேன். அன்று எனக்கிருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

ஏரியில் இறால் வலை எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வீட்டுக்காரர் கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களே, அந்தப் பாடு இல்லாவிட்டால் நமக்குச் சோறு ஏது? ஒருவர் பாட்டில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. கண்ணியும் இத்தனை விரல் நுழைய வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. பொடிக் கண்ணி வைத்துக் குஞ்சு இறாலை அள்ளினால் அடுத்த வருஷத்துக்கு ஏரியில் ஒன்றும் இருக்காது. அப்படி யாராவது வலை வைத்திருந்து பிடிபட்டால், அதை அம்மன் கோயில் முன்னால் வைத்து வெட்டிப் போட்டுவிட்டு, அந்தப் பருவம் முழுக்க அந்த வீட்டுக்குப் பாடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அண்ணி வீட்டுக்காரருக்கோ அந்த மாதம் சரியாகவே இறால் விழவில்லை. எங்கள் கூரையில் பொடிக் கண்ணியில் இரண்டு இறால் மடி தொங்குகிறது என்று கேட்டதும் மனுஷனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பையைப் பார்த்தால் இறாலை நினைக்கிற ஜனங்கள்தானே நாம்.

கோயில் முன்னால், பூவரச மரத்தடியில் கூடினார்கள். பாடு பிரிக்கும் நாட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கத்திக்கு எல்லா ஆண்களும் பயப்படுவார்கள். பேச்சுக்கும்தான். என் இரண்டு பைகளும் அவர் முன்னால் கிடந்தன.

"எத்தினி தபா வலை கட்டியும் எனுக்கு ஒரு கூடை தேறல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இப்பத்தான் தெரியுது, இறாலு எங்க பூட்சின்னு."

நாட்டார் ஒன்றை எடுத்துக் கண்ணியை விரலால் தடவினார். முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு என் நைனாவைப் பார்த்து, "நூலை நீதான் இந்தப் பக்கம் சுத்துவே. இந்தக் குப்பத்துல வேற எவனும் சுத்தமாட்டான். இது இன்னா?" என்றார்.

நைனாவும் முடிச்சைப் பார்த்தார். அவர் கட்டாத தன் முடிச்சு. திரும்பி ஒரே ஒரு தடவை என் கையைப் பார்த்தார். நூல் அறுத்த காயம் என் விரல்களில் இருந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன், எனக்கு அவமானமாக இருந்தது. அதைப் பற்றிச் சரியாக யோசிக்க எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளை வலை ஊசி தொட்டாள் என்று தெரிந்தால், அந்த மாதம் யார் யார் வலையில் இறால் ஏறவில்லையோ அத்தனையும் என் தலையில் விழும். என்னை எந்த வீட்டிலும் மருமகளாக எடுக்கமாட்டார்கள். ஒரு பருவத்துப் பாடு போனால் பட்டினி, இது தெரிந்தால் மகளே போய்விடுவாள் என்று அவர் ஒரு மூச்சில் கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "நைனா கட்டல. நான் கட்டினேன். அது வலை இல்ல, காலுக்குப் போடறது" என்றேன்.

ஒரே சிரிப்பு. "காலுக்கு வலையா? கால்ல இன்னா ஓடிகினா கீது, பிடிக்கறதுக்கு?" என்றார் ஒருவர். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. பையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார்.

"வால்ல திறப்பு இல்லியே" என்றார் மெதுவாக. "இறாலு விழுந்தா எப்பிடிக் கொட்டுவே?"

அது அவருக்கு இடித்திருக்கிறது. மடி என்றால் வால் பக்கம் அவிழ்த்துக் கொட்ட வேண்டும். நான் வாலை மூடிவிட்டு வாயில் கயிறு வைத்திருந்தேன்.

"யாரு காலுக்கு?" என்றார்.

நான் ஓடினேன். கோட்டை வாசலிலிருந்து தோழியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தாடிக்காரரும் வந்தார். நாட்டார் அவளை உட்காரச் சொன்னார். நானே மாட்டிவிட்டேன். அவள் கால் உள்ளே போயிற்று. போயும் முனையில் நாலு விரல் அளவுக்குப் பை துவண்டு தொங்கியது. பக்கவாட்டில் இன்னொரு காலே நுழையும்போல இருந்தது.

கூட்டத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பொண்ணை வச்சி டபாய்க்கிறான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நாட்டார் பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தார். தோழி காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் பட்டை போடல" என்று கத்தினேன்.

கத்தி நின்றது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வலைக்காரர்கள். புது நூலில் கட்டிய வலையைக் கண்டல் மரப் பட்டைச் சாற்றில் வேகவைத்து எடுத்தால்தான் உப்புத் தண்ணீரில் மக்காது, வெந்தால் நூல் சுருங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்காகத்தான் எந்த வலையையும் வேண்டியதைவிடப் பெரிதாகக் கட்டுவார்கள்.

"எத்தினி விட்டே?" என்று கேட்டார் நாட்டார். அப்போதுதான் முதல்முறையாக என்னோடு பேசினார்.

"நைனா எத்தினி விடுவாரோ, அத்தினி. அதுக்கு மேல கொஞ்சம்."

"மேல எதுக்கு?"

"அவ போய்ச் சேர்றதுக்குள்ள வளந்துடுவா. அங்க வேற யாரும் கட்டித் தரமாட்டாங்க."

 கரையில் யாருடைய வலைக்கோ பட்டைக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. நாட்டாரே எழுந்துபோய் இரண்டு பைகளையும் அதில் போட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள்.  எடுத்தபோது வெள்ளை நூல் செம்மண் நிறமாகியிருந்தது. மணலில் விரித்துக் காயவைத்தார்கள். வெயிலேற ஏறக் கண்ணிகள் இறுகுவதைக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நைனா எனக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் தலையில் பட்டது.

நாட்டார் அவள் காலைத் தன் உள்ளங்கையில் வாங்கி மாட்டினார். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பை மிச்சமிருந்தது. அதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "மிச்சத்துக்கு அவ வளரட்டும்" என்றார்.

எங்கள் பாடு எங்களுக்கே நின்றது. ஆனால் நாட்டார் என்னிடம் கை நீட்டி ஊசியை வாங்கி நைனாவிடம் கொடுத்து, "இனி இவ கையில இது இருக்கக்கூடாது" என்றார். அந்த முனை உடைந்த ஊசியை நைனா தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் இந்த வயதில் சொல்வேன். அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை.

தாடிக்காரர் மகளின் காலைத் தடவி, முடிச்சு முடிச்சாக விரலை நகர்த்தினார். காலுறை என்றால் என்ன என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் அவர். கண்ணி கண்ணியாக இருக்கிற அதில் அவர் ஊர்க் குளிர் நிற்காது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? "கெட்டி. ரொம்பக் கெட்டி" என்று மட்டும் சொன்னார். பிறகு என் தலையைத் தேடிப் பிடித்துக் கை வைத்தார்.

தை பிறந்தது. கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. கப்பல் வரைக்கும் ஆட்களைக் கொண்டுபோக நம் படகுகளைத்தான் கூப்பிடுவார்கள். படகில் காலில் எதையும் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. கோட்டைத் தலைவரே ஆனாலும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். அன்று பின்துடுப்புப் பிடித்து நின்றவர் நாட்டார்.

தோழி என் காலுறைகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில், அந்தச் சேற்றில். முடிச்சு குத்துகிறதா என்று கேட்டேன். "குத்துது" என்றாள், கழற்றவில்லை. அப்பாவைக் கையைப் பிடித்துப் படகருகே கூட்டிப்போய் ஏற்றிவிட்டாள். அவள் காலெடுத்து வைக்கும்போது படகுக்காரர் ஒருவர் தடுத்தார்.

"கால்ல கீறதக் கழட்டிட்டு ஏறு."

அவள் அசையவில்லை. அடி விழும்போது நிற்பாளே, அப்படி நின்றாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. படகு தாமதமானால் முகத்துவாரத்தில் தரை தட்டும். எல்லாரும் நாட்டாரைப் பார்த்தார்கள். பெண் பிள்ளை கட்டியது, காலில் வேறு மாட்டியிருக்கிறது. இரண்டில் எதுவுமே படகுக்கு ஆகாது. அவர் என்னைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார்.

"அது கால்ல போடறது இல்லடா" என்றார். "வலை. ஏறட்டும்."

அவள் ஏறினாள். இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

அவளைப் பற்றி அப்புறம் ஒரு சேதியும் வரவில்லை. கொடி இறங்கியது, கோட்டைக் கல்லை ஆளுக்கொரு வண்டியில் ஏற்றிப் போனார்கள், நாட்டாரும் போனார், நைனாவும் போனார். அவள் இருந்தால் நம் வயதுதான்.

படகு கண்ணுக்கு மறைந்த பிறகு குனிந்து பார்த்தேன். கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் அவள் அடிகள் சேற்றில் கண்ணி கண்ணியாகப் பதிந்து கிடந்தன. ஒரு கோரையை ஒடித்து, நல்லதாக ஓர் அடியைப் பார்த்து அளந்து, நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தேன். நிமிர்ந்தால் நைனா நிற்கிறார். ஊசி அவர் இடுப்பில் செருகியிருந்தது. திட்டுவார் என்று கோரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அது இன்னிக்குக் காலு" என்றார் நைனா. "ரெண்டு விரல் கூட்டி வை."